கண் எரிச்சலுக்கு எதில் செலவு செய்வது: செட்டிங்ஸா, டிவியா, மானிட்டரா, கண்ணாடியா?

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'மன்னார்குடி' என்பது 'மனனார்குடி' என்று அச்சாகிவிட்டது. 500 பத்திரிகை. புரூஃப் பார்த்தவன் நான். பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊர் பேரு தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரியே என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. கும்பகோணத்தில் இருபது வருஷமாக டிடிபி, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்த இடத்திலேயே கண் போய் நிற்கும். அன்றைக்கு ஏன் நிற்கவில்லை?

கடையில் டைப் செய்யும் தங்கச்சியிடம் கேட்டேன். "எனக்கும் நாலு மணிக்கு மேல எழுத்தெல்லாம் கலங்குதுண்ணே. புருவத்துக்கு மேல ஒரு வலி. பவர் ஏறிருச்சோன்னு பயந்துகிட்டு இருந்தேன்" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கண் கெட்டுப்போகுமா? சித்திரையில்தான் பழைய டெஸ்க்டாப்களை எடுத்துவிட்டுப் புது லேப்டாப் இரண்டு வாங்கியிருந்தோம். தொல்லை ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

அதன்பின் நாலைந்து மாதம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். லேப்டாப்பின் செட்டிங்ஸ், வீட்டு டிவி, தனி மானிட்டர், நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' கண்ணாடி என்று எல்லாமே ஒரு சுற்று வந்தோம். இதே எரிச்சலோடு பணத்தை எதில் போடுவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளரும். அதற்கு எந்த செட்டிங்கும் மருந்து ஆகாது. எங்கள் இருவருக்கும் டாக்டர் பார்த்ததில் பவர் மாறவில்லை. அப்புறம்தான் மெஷின் பக்கம் திரும்பினோம்.

திரையில் கண்ணைத் தொந்தரவு செய்யும் குறைகள் மூன்று. ஒன்று மினுக்கல். இரண்டாவது எழுத்தின் மங்கல். மூன்றாவது, திரையின் வெளிச்சமும் அறையின் வெளிச்சமும் ஒத்துப்போகாதது. மூன்றுக்கும் வலி ஒரே மாதிரி இருக்கும், ஆனால் தீர்வு வேறு வேறு. எது நம் குறை என்று பார்க்காமல் வாங்கினால் பணம் தண்டம்.

மினுக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. பிரைட்னஸைப் பாதியாக்கினால் அந்த விளக்கு பாதி ஒளியில் எரியும் என்று நினைப்போம். பல திரைகளில் அப்படி இல்லை. விளக்கு முழு ஒளியில் எரியும், அணையும், மறுபடி எரியும். நொடிக்கு 200 தடவைக்கு மேல் இப்படி நடப்பதால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தோன்றுகிறது. இதற்கு பிடபிள்யூஎம் என்று பெயர். படிக்கும்போது கண் ஒரே சீராக நகராது. சொல்லுக்குச் சொல் தாவும். அந்தத் தாவலின் நடுவே விளக்கு எரிந்து அணைந்தால், சிலருக்கு அது வலியாக வந்து சேர்கிறது. எல்லோருக்கும் வராது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் இல்லையே என்பதற்காக உங்கள் வலி பொய் ஆகிவிடாது.

தெரியாத மினுக்கல் எப்படி வலிக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1989இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அலுவலகத்தின் டியூப்லைட்டுகளில் பழைய சோக்கையும், மினுக்கல் இல்லாத எலக்ட்ரானிக் சோக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எலக்ட்ரானிக் சோக் இருந்த நாட்களில் தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். செம்புக் கம்பி சுற்றிய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். எங்கள் கடையில் அப்படி ஒன்று என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதை மாற்ற ஆன செலவு சொற்பம். முதலில் செய்திருக்க வேண்டியதை ஐந்தாவதாகச் செய்தேன்.

உங்கள் திரை மினுக்குகிறதா என்று பார்க்க போன் போதும். கேமராவில் புரோ மோட் போய், ஷட்டர் வேகத்தை 1/1000க்கு மேல் வையுங்கள். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸை 30க்குக் குறைத்துவிட்டுக் கேமரா வழியே பாருங்கள். வேட்டிக் கரை மாதிரி கறுப்புப் பட்டைகள் ஓடி, பிரைட்னஸை 100க்கு ஏற்றியதும் அவை மறைந்தால், அது பிடபிள்யூஎம். புரோ மோட் இல்லாத போன் என்றால், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே கலங்கலாகத் தெரிந்தால் நல்லது. விசிறி மட்டை மாதிரி தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் மினுக்கல் உண்டு. எங்கள் இரண்டு லேப்டாப்பிலும் பட்டை ஓடியது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று எப்போதும் 40இல் வைத்திருந்தோம்.

இனி ஒவ்வொரு வழியாக வருகிறேன்.

செலவே இல்லாதது செட்டிங்ஸ். ஒரு வாரமாவது இதைச் செய்து பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். மினுக்கல் இருக்கும் திரையில் பிரைட்னஸை 100இல் வைத்துவிடுங்கள். கண் கூசினால் கிராஃபிக்ஸ் மென்பொருளுக்குள் போங்கள். இன்டெல் என்றால் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர், ஏஎம்டி என்றால் அட்ரினலின். அதில் கலர் பக்கத்தில் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் இறக்கலாம். இது விளக்கைத் தொடாமல் படத்தை மட்டும் இருட்டாக்கும். நிறம் கொஞ்சம் வெளுக்கும். டைப் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, போட்டோ வேலை செய்பவர்களுக்குச் சரிப்படாது.

அடுத்தது, தானாக ஒளியை மாற்றும் சமாச்சாரங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே பக்கத்தில் பிரைட்னஸ் பக்கத்து அம்பைத் தட்டினால், திரையில் உள்ளதற்கு ஏற்ப ஒளியை மாற்றும் தேர்வு ஒன்று பல லேப்டாப்களில் வரும். அதை அணைத்துவிடுங்கள். இன்டெல்லில் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்', ஏஎம்டியில் 'வேரி-பிரைட்' ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வெள்ளைப் பக்கம் வந்தால் ஒன்று, கறுப்புப் படம் வந்தால் ஒன்று என்று ஒளியும் கான்ட்ராஸ்டும் ஏறி இறங்கும். பேட்டரியில் ஓடும்போதுதான் பெரும்பாலும் இவை வேலையைத் தொடங்கும். நம் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அந்த நாளெல்லாம் பேட்டரியிலேயே உட்கார்ந்திருப்போம். தங்கச்சி குறித்து வைத்த நோட்டில், வலி அதிகம் என்று எழுதிய நாட்களில் பாதி கரண்ட் இல்லாத நாட்கள்.

நோட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில், சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. யாருக்கு என்ன குறை, என்ன செய்தார்கள், எப்படி ஆனது என்று கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதி வைத்தவை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பழக்கம் இதற்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி, வலி வந்த நேரத்தைக் குறியுங்கள். நாலை ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

சரி, வெளிச்சம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை, தாளின் வெள்ளையைவிட விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம். அழுக்காகத் தெரிந்தால் குறைவு. பகலில் ஒரு அளவு, ராத்திரியில் ஒரு அளவு வரும். கடைவாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தெரு வெளிச்சம் முழுக்கத் திரையில் விழும். மேஜையைத் திருப்பி, வாசல் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள்.

மினுக்கல், வெளிச்சம் இரண்டும் செட்டிங்ஸில் பெருமளவு அடங்கிவிட்டன. எங்களுக்கு அடங்காதது மங்கல். அந்த மன்னார்குடிப் புள்ளியைத் தின்றதும் அதுதான்.

தமிழுக்கு இதில் கஷ்டம் அதிகம். ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் கலங்கினாலும் சொல்லைப் பிடித்துவிடலாம். தமிழில் ன-வுக்கும் ன்-னுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்செல். கு, கூ இரண்டையும் பிரிப்பது ஒரு வளைவு. ண-வுக்கும் ன-வுக்கும் நடுவே ஒரு சுழி. திரை கலங்கினால் கண் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை பார்க்கும். நாள் முழுக்க அப்படிப் பார்த்தால் நாலு மணிக்குக் கலங்காமல் என்ன செய்யும்?

15.6 அங்குல லேப்டாப்பில் 1920×1080 திரை என்றால் அங்குலத்துக்கு 141 பிக்செல். எழுத்து பொடியாகத் தெரியும் என்று விண்டோஸ் தானாகவே ஸ்கேலை, அதாவது திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 125 சதவீதமாக்கி வைக்கும். பிரவுசர், வேர்டு போன்ற புது மென்பொருள்கள் இதைப் புரிந்துகொண்டு எழுத்தைத் தெளிவாகவே பெரிதாக்கும். பழைய மென்பொருளுக்கு ஸ்கேல் என்றால் என்னவென்றே தெரியாது. அது சின்னதாகப் போட்டுக் கொடுத்த படத்தை விண்டோஸ் ரப்பர் மாதிரி இழுத்துப் பெரிதாக்குகிறது. பத்திரிகை அடிக்கும் கடைகளில் இன்றைக்கும் இருபது வருஷத்துக்கு முந்தைய பேஜ்மேக்கர் 7 என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள் ஓடுகிறது. பழைய ஃபான்ட், பழைய மேட்டர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, விட முடியாது. இழுத்த படத்தில் புள்ளி சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகிறது. அன்றைக்கு என் கண் தவறவில்லை; அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு அந்தத் திரை எனக்குக் காட்டவில்லை.

இதற்கும் ஒரு செட்டிங் உண்டு. புரோகிராமின் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய், ஸ்கேலிங்கை 'அப்ளிகேஷன்' என்று மாற்றினால் இழுப்பது நின்றுவிடும். எழுத்து கூராகும். ஆனால் கடுகு அளவுக்குச் சின்னதாகிவிடும். மெனு எழுத்தைப் படிக்க மூக்கைத் திரையில் ஒட்ட வேண்டும். கண் வலி கழுத்து வலியாக மாறியது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு: ரெசல்யூஷனை ஒருபோதும் குறைத்து வைக்காதீர்கள், திரையின் சொந்த அளவில்தான் எழுத்து கூராக இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தட்டி, வரும் நாலைந்து பக்கங்களில் உங்கள் கண்ணுக்கு எது தெளிவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து டிவி. வீட்டில் 32 அங்குல டிவி சும்மா இருக்கிறது, ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டால் பெரிய திரை கிடைத்துவிடுமே என்று நானும் நினைத்தேன். ஹெச்டி ரெடி டிவியில் 1366×768 பிக்செல்தான். 32 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 49 பிக்செல். லேப்டாப்பில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மேஜையில் வைத்துப் பார்த்தால் எழுத்து கோலப் புள்ளி மாதிரி பிரிந்து தெரியும். அதைவிட மோசம் நிறம். பல டிவிகள் சினிமாவுக்காகச் செய்யப்பட்டவை. நிறத் தகவலைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துத்தான் காட்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பித்துவிடும். மஞ்சளில் குங்குமச் சிவப்பு எழுத்துப் போட்டால் ஓரமெல்லாம் ஈரத் தாளில் மை பரவியது மாதிரி ஆகிவிடும். பத்திரிகை அடிப்பவனுக்கு மஞ்சளும் சிவப்பும்தானே பிழைப்பு? சில டிவிகளில் அந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைத்தால் இது சரியாகும். ஷார்ப்னஸைக் குறைத்து, படத்தின் ஓரத்தை வெட்டுவதை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் தேறும். பிள்ளைகள் ஆன்லைன் பாடம் பார்க்கட்டும். தூரத்தில் உட்கார்ந்து பார்க்க டிவி நல்லதுதான். எழுத்து வேலைக்கு வேண்டாம்.

தனி மானிட்டர்தான் எங்கள் கடையில் ஜெயித்தது. 24 அங்குலம், 1920×1080, பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைத் திரை. பத்தாயிரத்தை ஒட்டி ஆனது. அங்குலத்துக்கு 92 பிக்செல்தான், லேப்டாப்பைவிடக் குறைவு. அதுவே இங்கே நன்மை. ஸ்கேலை 100இல் வைக்கலாம், யாரும் எதையும் இழுக்க வேண்டியதில்லை. பேஜ்மேக்கர் எழுத்து கூராகவும் நிற்கிறது, படிக்கும் அளவிலும் இருக்கிறது. முதல் நாள் 'மன்னார்குடி' என்று அடித்துப் பார்த்தேன். ன்-னின் புள்ளி தனியாக, கறுப்பாக நின்றது.

இதே 1080 திரையை 27 அங்குலத்தில் வாங்காதீர்கள். பெரிதாக இருக்கிறதே என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அங்குலத்துக்கு 82 பிக்செல் ஆகிவிடும், எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 27தான் வேண்டும் என்றால் 2560×1440 வாங்குங்கள்; விலையும் ஏறும். பளபளப்பில்லாத திரையாக இருக்கட்டும். பெட்டியில் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்டவற்றில் விளக்கு அணைந்து எரியாமல், மின்னோட்டத்தைக் குறைத்து ஒளியைக் குறைப்பார்கள். 100 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அதற்கெல்லாம் டைப் வேலைக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பழைய பெட்டி மானிட்டர்களில் 60 ஹெர்ட்ஸ் கண்ணைக் கொன்றது உண்மை. எல்சிடியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஹெர்ட்ஸ் கூடினால் ஸ்க்ரோல் செய்யும்போது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவே.

மானிட்டருக்கு ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் அதுவும் போகும். 20 வாட் அளவுதான் இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டரே தாங்கும், ஆனால் இன்வெர்ட்டர் லைன் மேஜைவரை வந்திருக்க வேண்டும். கணக்கில் அதையும் சேருங்கள்.

பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்செலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை உள்ள லேப்டாப்பைப் பற்றி இரண்டே வரி. படம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் அவற்றில் பல 240 ஹெர்ட்ஸில் மினுக்குகின்றன. மினுக்கல் ஒத்துக்கொள்ளாதவர் கேமரா சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது.

கண்ணாடிக்கு வருவோம். 'புளூ கட்' பூச்சுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். தங்கச்சி போட்டாள், வித்தியாசம் இல்லை. அது அவளுடைய கண்ணின் தனிக்குணம் அல்ல. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் நீல ஒளித் தடுப்பு கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. திரையின் நீலத்தைக் குறைக்கும் விண்டோஸின் நைட் லைட் செட்டிங் இலவசம். ராத்திரியில் அந்த இதமான நிறம் பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு வேறொரு கண்ணாடி உண்மையிலேயே உதவும். புத்தகம் படிக்கும் தூரம் 40 செ.மீ.; மானிட்டர் இருப்பது 60, 70 செ.மீ. தூரத்தில். இரண்டு பவர் உள்ள கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே மானிட்டரைப் பார்க்க நாடியைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். மேஜையில் ஒரு தடவை டேப் வைத்து அளந்து, "இந்தத் தூரத்துக்குத் தனியா எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். மானிட்டருக்கு அடுத்து எனக்குப் பலன் தந்தது இதுதான்.

மற்றபடி, திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்கு 15 தடவை இமைப்பது 5, 7 என்று குறைகிறது. அதோடு டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக வீசினால் கண் காய்ந்து மண் விழுந்த மாதிரி உறுத்தும். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. கழுத்துக்குக் கீழே படும்படி இறக்கி வைக்கலாமே. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் இருபது நொடி பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் கடைவாசலில் எதிர்வரிசைக் கடைப் பெயர்ப்பலகை சரியாக அந்தத் தூரம்.

அப்படியென்றால் யார் எதை வாங்குவது? இ-சேவை மையத்தில் சிட்டா எடுக்கவும், சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதியவும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலையெல்லாம் பிரவுசரில். அவர்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். பிரைட்னஸை ஏற்றி, தானியங்கி ஒளி மாற்றத்தை அணைத்து, கன்ட்ரோல் பட்டனோடு பிளஸ்ஸைத் தட்டி எழுத்தைப் பெரிதாக்கினாலே பெரும்பாடு தீரும். நவம்பரில் வாசல்வரை கூட்டம் நிற்கும்போது ராத்திரி எட்டு மணிவரை உட்காருவார்கள் என்றால், மையத்தை நடத்துபவர் ஒரு மானிட்டர் வாங்கிப் போடலாம். வீட்டில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு செட்டிங்ஸும் நல்ல மேஜை விளக்கும் போதும். எங்களை மாதிரி பழைய மென்பொருளில் நாள் முழுக்கத் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் கடன் வாங்கியாவது 24 அங்குல மானிட்டர் வாங்கிவிடுங்கள். இரண்டு பேர் இருக்கும் கடையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அது நாள் முழுக்க டைப் செய்பவரின் மேஜைக்குப் போகட்டும். எங்கள் கடையில் முதல் மானிட்டர் தங்கச்சிக்குத்தான் வந்தது. தை முகூர்த்தம் முடிந்து எனக்கு ஒன்று.

வாங்கப் போகும்போது பென் டிரைவில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் 'க் கு கூ ண் ன் ற் று' என்று நீங்கள் தினம் பயன்படுத்தும் ஃபான்ட்டில், தினம் பயன்படுத்தும் அளவில் அடித்திருக்கட்டும். பாதிப் பக்கம் வெள்ளையில் கறுப்பு, பாதிப் பக்கம் மஞ்சளில் சிவப்பு. கடையில் திரையைப் போடச் சொல்லி, பிரைட்னஸை 20க்கு இறக்கி, போன் கேமராவில் பாருங்கள். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பிறகு ஒரு கை தூரத்தில் நின்று புள்ளிகளை எண்ணுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், எத்தனை நாளுக்குள் மாற்றிக் கொடுப்பார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் ஒத்துக்கொள்கிறதா என்பது நாலாவது நாள் சாயங்காலம்தான் தெரியும்.